இணைப்பைத் திறக்கும் முன்

மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு மதியம் மெயிலில் வந்தது. திறக்கப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து மௌஸைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆபீசில் எல்லாருடைய கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. யாரோ ஒரு கணக்காளர், பில் என்று வந்த எதையோ திறக்கப்போய் மொத்த ஆபீசும் முடங்கியதிலிருந்து, இணைப்போடு மெயில் வந்தால் அவருக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. என் தங்கை குழந்தையின் போட்டோ அனுப்பினால்கூட அவளுக்குப் போன் போட்டு, நீதான் அனுப்பினாயா என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். அவள் இவருக்கு வைத்த பெயர் வாட்ச்மேன் மாமா.

இன்றும் அதே கூத்துதான். அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். மெயிலில் இருந்த போன் நம்பரை நம்பாமல், என் கைப்பையைக் குடைந்து லேப் ரசீதை எடுத்து அதில் இருந்த நம்பருக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே உயிர் தொண்டையில் நிற்கிறது, இவருக்குக் கம்ப்யூட்டர் பெரிதாகப் போய்விட்டது.

"என் உடம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். இந்தப் பெட்டி எரிஞ்சு போனாலும் பரவால்ல, திறங்க."

"ஒரு நிமிஷம்மா."

ஒருவழியாக லேபில் ஒரு பெண் எடுத்தாள். நாங்கள்தான் அனுப்பினோம், கோப்பின் பெயரும் அதுதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்பதுபோல நின்றார்.

பிறகு வைரஸ் சோதனையை ஓடவிட்டார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். விரல்களில் சாப்பாடு காய்ந்து ஒட்டியிருந்தது. மௌஸ் மேஜையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது. என்னைவிட இவருக்குத்தான் பயம் அதிகம் என்று தெரிந்ததும், அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கோடு முடிந்தது. கோப்பில் வைரஸ் இல்லை, திறக்கலாம் என்றது திரை.

அவர் என் பக்கம் திரும்பாமலே, "எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துடுறேன்" என்றார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை ஒட்டி உட்கார்ந்தேன். பச்சைக் கோடு மறுபடி முதலிலிருந்து நகரத் தொடங்கியது.