ஐந்து கோட்டு மழை

பரணி மழை பெய்தால் தரணி விளையும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் சண்டைதான் விளையும்.

பாகலூருக்கு அப்பால், சென்னை ராஜ்யத்தின் கடைசி ஊர் எங்கள் அத்திகானப்பள்ளி. ஒரு மைல் தள்ளி, மைசூர் ராஜ்யத்தின் முதல் ஊர் ஹொங்கேபள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு பாறை, பாறையின் மேல் கங்கம்மா. அம்மன் ஒருத்தி, ஊர் இரண்டு. அதனால் பரணி மழை எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊருக்குத்தான் அந்த வருடம் அம்மன் போவாள். திருவிழாவும் அங்கேதான்.

முன்பெல்லாம் வெட்டவெளியில் உரலை வைத்து, அதில் நின்ற தண்ணீரை வேப்பங்குச்சி விட்டு அளப்பார்கள். "உங்க உரலுக்கு வாய் பெருசு" என்று இவர்கள் சொல்வார்கள். "உங்க குச்சி மட்டும் யோக்கியமா?" என்று அவர்கள் கேட்பார்கள். மழை விட்டாலும் தூவானம் விடாது. நயா பைசா வந்த மறு வருடம் இரண்டு ஊரிலும் சர்க்கார் மழை அளக்கும் செப்புப் பாத்திரம் ஒன்று வைத்தது. கூடவே ஒரு கண்ணாடிக் குழாய். பாத்திரத்தில் விழுந்த மழையைக் குழாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குழாய் நிறைந்தால் ஒரு அங்குலம். குழாயின் மேல் பெரிய கோடுகளும், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகளும் உண்டு. இனி உரல் வேண்டாம், சண்டையும் வேண்டாம் என்று இரண்டு ஊரும் கங்கம்மா முன்னால் கற்பூரம் அடித்தது.

அம்மன் எந்த ஊருக்கு என்பது ஆண்களுக்கு மானப் பிரச்சினை. எனக்கோ தாய்வீட்டுப் பிரச்சினை.

திருவிழா நடக்கிற ஊரில் பிறந்த பெண்களுக்கெல்லாம் அழைப்பு வரும். ஒரு வாரம் தாய்வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். அந்த ஊருக்கு வாழ வந்த மருமகள்கள், வந்த கூட்டத்துக்கெல்லாம் களி கிண்டித் தோள் கழன்று நிற்பார்கள். நான் ஹொங்கேபள்ளியில் பிறந்தவள். அத்திகானப்பள்ளிக்கு வாழ வந்ததிலிருந்து பரணி மழை என் மாமனார் ஊரை விட்டு நகரவே இல்லை. எங்கள் களத்தில் நின்றால் அம்மா வீட்டுப் புங்கமரம் தெரியும். பார்த்துக்கொள்ளலாம், போக முடியாது. அழைப்பில்லாமல் தாய்வீட்டுக்குப் போகிறவளிடம், "என்னாம்மா, புருசனோட சண்டையா?" என்று வழியெல்லாம் விசாரிப்பார்கள். இந்த வருடமாவது போகாவிட்டால் கங்கம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மழை பெய்தது. சும்மா இல்லை, கூரை பிய்ந்துவிடும்போலப் பெய்தது. விடிந்ததும் இரண்டு ஊரும் பாறைக்குக் கிளம்பியது. எங்கள் ஊரில் மழை அளப்பவர் லால் பாஷா, வளையல் வியாபாரி. கண்ணாடிச் சாமானை உடைக்காமல் வைத்திருப்பார் என்று நம்பி அவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவர் பாறையில் சுண்ணாம்பால் 1.35 என்று எழுதினார். ஹொங்கேபள்ளியில் அளப்பவன் என் அண்ணன் முனிராஜ். அவன் பக்கத்திலேயே 1.4 என்று எழுதினான்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் என் மாமனார் வெங்கடப்பன் குதித்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு! அவங்களுது வெறும் நாலு! அம்மன் நம்ம ஊருக்குத்தான்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த புள்ளியெல்லாம் நிலத்தில்தான். ஒரு ஏக்கர் முப்பத்தைந்து சென்ட்டையும் ஒரு ஏக்கர் நாலு சென்ட்டையும் பக்கத்தில் வைத்தால் எது பெரிது என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். ஹொங்கேபள்ளிக்காரர்களாவது மறுப்பார்கள் என்று பார்த்தேன். அவர்களுக்குச் சென்ட் கிடையாது, ஏக்கரை நாற்பதாகப் பிரிக்கிற குண்டைக் கணக்கு. முப்பத்தைந்து குண்டைக்கு முன்னால் நாலு குண்டை எம்மாத்திரம்? அவர்கள் ஊர்ப் பெரியவர் திம்மராயன் தலைப்பாகையை அவிழ்த்து உதறி, "சரிப்பா, இந்த வருசமும் உங்களுக்கே" என்றார். இவர் அவரைக் கட்டிக்கொள்ள, அவர் இவருக்கு வெற்றிலை கொடுக்க, தலைமுறை தலைமுறையாக இல்லாத சமாதானம் அன்றைக்குப் பார்த்து வந்து நின்றது. இரண்டு ஊரும் ஒற்றுமையாக என்னைக் களிப்பானையில் தள்ளியது.

என் அண்ணன் இருக்கிறானே, அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எழுதியவனே தோற்றுவிட்டதாக நம்பினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? எனக்கு வந்த கோபத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மாமா, நாலுதான் பெருசுங்க."

கூட்டம் சிரித்தது. ஓசூரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? "பொண்ணுக்கு ஆத்தா வூட்டு நெனப்பு" என்றார் ஒருவர். "விட்டா ஒண்ணுதான் எல்லாத்துக்கும் பெருசுன்னு சொல்லும்" என்றார் இன்னொருவர். எரிச்சலாக இருந்தது. ஆத்தா வீட்டு நினைப்பு இருந்தது உண்மை. அதற்காக நாலு சிறியதாகிவிடுமா?

அப்போது என் மாமியார் கெம்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போச்சுடா, வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் நேரே லால் பாஷாவிடம் போய்க் கையை நீட்டினார்.

"பாசா, அந்தக் கண்ணாடியக் குடு."

"அக்கா, ஒடஞ்சிரப் போவுது."

"ஒன் வளையலையே ஒடைக்காம இத்தன வருசம் போட்டிருக்கறேன். குடு." குழாயை வாங்கி என்னிடம் திரும்பினார். "ருக்கு, எனக்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். எங்கருந்து எங்க எண்ணோணும்?"

"நெறஞ்ச அங்குலம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான், அத்தே. அதுக்கு மேல இருக்கறதத்தான் பாக்கோணும்." நான் குழாயின் அடியைக் காட்டினேன். "இங்கருந்து மேல. நாலாவது பெரிய கோடு வரைக்கும் சின்னக் கோடு எத்தனைன்னு எண்ணுங்க."

பாறைக் குழியில் நின்ற மழைத் தண்ணீரை எடுத்து நாலாவது பெரிய கோடு வரை ஊற்றினேன். அத்தை குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நகத்தால் கோடு கோடாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் எப்போதும் தமிழில் எண்ணுகிறவர், அன்றைக்கு ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணினார். பத்தில் முதல் பெரிய கோடு வந்தது. இருபதில் ஹொங்கேபள்ளிக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. முப்பதில் எங்கள் ஊரும் தமிழில் கத்தத் தொடங்கியது. முப்பத்தைந்தில் என் மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நகம் நிற்கவில்லை. நாலாவது பெரிய கோட்டைத் தொட்டபோது நாற்பது.

பாஷாவின் முப்பத்தைந்து அதற்கு ஐந்து கோடு கீழே கிடந்தது.

"அப்ப நாப்பதுன்னு எழுதறதுக்கு ஒன் அண்ணனுக்கு என்னா கேடு?" என்று மாமனார் சீறினார்.

"புள்ளிக்கு அப்பறம் கடேசில வர்ற சைபருக்கு மதிப்பில்லீங்களே, அதான் விட்டுட்டேன்" என்றான் முனிராஜ். அப்போதுதான் அவனுக்கே விளங்கியது. முகம் கத்திரிக்காய்ப் பூவாக மலர்ந்தது.

"அப்ப நெசமாலுமே நாலே நாலு சென்ட்டுன்னா எப்பிடி எழுதுவாங்க?"

"ஒங்க மேட்டு நிலத்துப் பட்டாவுல எப்பிடி இருக்குது, மாமா?" என்று கேட்டேன். அந்த நிலம் ஒரு ஏக்கர் நாலு சென்ட்.

மாமனார் யோசித்தார். விரலால் காற்றில் எழுதினார். ஒன்று, புள்ளி, ஒரு சுழி, அப்புறம் நாலு. விரல் அப்படியே நின்றது.

"அட! நடுவுல ஒரு சுழி இருக்குது. கணக்குப்பிள்ள அழகுக்குப் போட்டதுன்னு இல்ல நெனச்சிருந்தேன்!"

பாறையே அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். ஹொங்கேபள்ளிக்காரர்கள் தமுக்கை எடுத்துவிட்டார்கள்.

"கெம்பக்கா, நீ வாக்கப்பட்ட ஊருக்கே துரோகம் பண்ணிட்டியே!" என்று யாரோ கத்தினார்கள்.

"நானும் அங்க பொறந்தவதாண்டா" என்றார் அத்தை.

எனக்குச் சுருக்கென்றது. தெரியாத விஷயமில்லை. திம்மராயன் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஆனால் அத்தைக்கும் ஒரு தாய்வீடு இருக்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அங்கே திருவிழா நடந்த வருடங்களிலும் அவர் போனதில்லை. மாடு, கன்று, மாமனாருக்குக் களி. விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு பெண் இல்லை.

அழைப்பு வந்த அன்று அத்தை என் துணிமூட்டையை எடுத்துக் கொடுத்தார். "போயிட்டு வா. நான் வூட்டப் பாத்துக்கறேன்."

"நீங்க வந்தாத்தான் நானும் போவேன்" என்றேன். அத்தனை ஆசையை வைத்துக்கொண்டு எப்படி அப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். நல்லவேளையாக மாமனார் அதிகம் சோதிக்கவில்லை. களி கிண்டும் துடுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, "மாவு ஒரு படின்னா தண்ணி எவ்வளவு? அத மொதல்ல சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஹொங்கேபள்ளியில் திம்மராயன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. நரைத்த மீசையோடு அவர் ஓடிவந்து, "பாரே, சிக்கி!" என்றார். வாடி, குட்டி என்று அர்த்தம். எங்கள் வீட்டையே ஆட்டி வைக்கிற கெம்பம்மா, தலையைக் குனிந்து சின்னப் பெண் மாதிரி இறங்கினார். உட்காரவைத்து, களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தார்கள். யாரோ கிண்டிய களி. அத்தை ஒரு வாய் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னா அத்தே?"

"உப்பு கம்மி" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு உருண்டைக்குத் தட்டை நீட்டினார்.