காதடைத்த பூச்சி

என் மகளின் பள்ளிப் பையில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அடிக்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அய்யோ அம்மா, அடிக்காதே! அது நான் கட்டினது!"

கிட்டப் போய்ப் பார்த்தேன். பொடித் தூண்டில் முள் ஒன்றில் நூலைச் சுற்றி, அதன்மேல் இறகைச் சுற்றி, ஈ மாதிரியே செய்து வைத்திருந்தாள். தண்ணீர்மேல் போட்டால் மீன் அதை நிஜ ஈ என்று நம்பிக் கவ்வுமாம். மீனைச் சொல்வானேன், நானே நம்பிவிட்டேன்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"அப்பா வீட்டுலதான். நானும் சித்தியும் உட்கார்ந்து கட்டுவோம். அப்பா மீன் பிடிக்க எடுத்துட்டுப் போவார்."

சித்தி என்பது என் முன்னாள் கணவரின் இந்நாள் மனைவி. மகளைக் கூட்டிவரப் போகும்போது வாசல் வரை வந்து நிற்பாள். வஞ்சனையில்லாமல் சிரிப்பாள். எனக்கு எரிச்சலே அந்தச் சிரிப்புதான். கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வெறுத்திருப்பேன்!

பிரிந்தபோது, ஞாயிறு அவருக்கு, மற்ற நாளெல்லாம் எனக்கு என்று பேசி முடித்திருந்தோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மற்ற நாட்களில் அவளுக்குப் பள்ளி, எனக்கு வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விடுவோம். உருப்படியாக என் கையில் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். செருப்பைக் கீழே போடுவதற்குள் அதற்கும் வேட்டு வைத்தாள்.

"அம்மா, இனிமே சனிக்கிழமையே அங்க போயிடட்டுமா? ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா ரெண்டு பூச்சி முடிக்கிறதுக்குள்ள நீ வந்து நிக்கிறே."

"பார்க்கலாம்" என்றேன். வயிறு பற்றி எரிந்தது. மகள்மேல் உள்ள அக்கறை, படிப்பைப் பற்றிய கவலை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கும் தெரியும். ஆனால் அது பொறாமை. கலப்படமே இல்லாத பொறாமை.

நான் பல் கட்டுகிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ஈறின் நிறம் வரை பொருத்தி முழு செட் செய்து கொடுப்பது எங்கள் லேபின் வேலை. எத்தனையோ பேர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மென்று தின்கிறார்கள். ஊருக்கே பல் கட்டுகிறவளுக்கு ஒரு பூச்சி கட்ட வராதா என்று தூண்டில் கடையில் நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மகளுக்கு ஓவர்டைம் என்று சொல்லி வைத்தேன்.

கடையின் பின்னறையில் நீள மேஜை, ஆளுக்கு ஒரு விளக்கு. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றை மேஜை விளிம்பில் திருகிக் கொடுத்தார்கள். கடைக்காரர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கிற ஆள்.

"நூலை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா" என்றார். இழுத்தேன், அறுந்தது. "அவ்வளவு வேண்டாம்" என்றார். விட்டேன், சுற்றியதெல்லாம் அவிழ்ந்து தொங்கியது. சேவல் கழுத்து இறகைச் சுற்றினால் ஒரு பக்கம் சிலிர்த்து நின்றது, மறுபக்கம் வழுக்கை. நான் முதலில் கட்டிய பூச்சியை லேபில் பக்கத்து மேஜைக்காரி எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி இது, குளியலறை ஓட்டையில அடைச்சிருந்ததா?"

"பூச்சி" என்றேன்.

"செத்து எவ்ளோ நாளாச்சு?"

பல் செட் வார்க்கிற பவுடர் டப்பாவால் அவள் தலையில் ஒன்று வைத்தேன்.

அடுத்த வகுப்பில் கடைக்காரர் கண்ணாடி மூடி போட்ட தட்டு ஒன்றை எடுத்து வந்தார். வரிசையாகப் பூச்சிகள். ஒன்றுக்கு ஒன்று அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

"இதைப் பாருங்க. ஊசிக்கு இருக்கிற மாதிரி முள்ளுக்கும் கூர் இல்லாத முனையில ஒரு காது இருக்கு, இல்லையா? தூண்டில் நரம்பு அது வழியாத்தான் போகணும். புதுசா கட்டறவங்க எல்லாரும் இறகையும் நூலையும் காது வரைக்கும் சுத்தி அடைச்சிடுவாங்க. அப்புறம் நரம்பு எங்க நுழையும்? இங்க பாருங்க, காதுக்குப் பின்னாடி மயிரிழை இடம் விட்டிருக்கு. ஒண்ணுலகூடத் தப்பலை."

"யார் கட்டினது?"

"எங்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணுதான். அப்புறம் நான் அவகிட்ட கத்துக்கிட்டேன்னு வைங்க. இறகு வாங்க வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தர் அவளையே கட்டிக்கிட்டுப் போயிட்டார். இப்பக் கடைக்குக் கட்டிக் குடுங்கன்னா மாட்டேங்கிறா. வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு, லீவு நாள் அதோடயே போயிடுதுன்னு சொல்றா."

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அந்த ஆளின் சட்டைக்கு நான் பல வருஷம் பொத்தான் தைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற அந்தப் பொண்ணை நான் பெற்றேன். தட்டை அப்படியே தரையில் போட்டு மிதிக்கலாமா என்று இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். இப்பேர்ப்பட்ட கைகாரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால், எந்தப் பெண் அம்மாவோடு சனிக்கிழமை துணி மடிப்பாள்?

ஒரு வைஸும் நூலும் இறகும் வாங்கிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் மகள் பல் தேய்த்துவிட்டு வரும்போது, சாப்பாட்டு மேஜையில் ஏதோ பிறந்ததிலிருந்து செய்கிற மாதிரி பூச்சி கட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "அம்மா! உனக்கு இது தெரியுமா?"

"ஏதோ, கொஞ்சம்."

வைஸிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், கடகடவென்று சிரித்தாள். "காதை அடைச்சிட்டியே! நரம்பு எப்படிப் போகும்?"

கடைக்காரர் அத்தனை தூரம் சொல்லியும் கோட்டை விட்டிருந்தேன். அழுகை வராத குறை. ஆனால் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். என் விரல்மேல் தன் விரலை வைத்து, "இங்க நிறுத்தணும்மா, இதுக்கு மேல போகக் கூடாது" என்றாள். தலையிலிருந்து ஷாம்பு வாசனை வந்தது. மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அப்பா வீட்டுப் பேச்சையும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே போனது. இதற்கிடையில் வகுப்பில் என் கை திருந்திவிட்டது. இறகு நான்கு பக்கமும் சமமாக நின்றது, காதுக்குப் பின்னால் மயிரிழை இடம் தானாக விழுந்தது. கடைக்காரர் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, "அட!" என்றார்.

அந்த 'அட'வைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்குப் பகீரென்றது. நன்றாகக் கட்டத் தெரிந்துவிட்டால் என் பக்கத்தில் அவள் எதற்கு உட்காரப் போகிறாள்? சனிக்கிழமை வந்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கிற இடத்தில், வேண்டுமென்றே, நூலைக் காது வரை கொண்டுபோய் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி அடைத்தேன்.

"அம்மா! மறுபடியுமா?"

"அய்யய்யோ, கவனிக்கவே இல்லைடி."

நாற்காலி நகர்ந்து வந்தது. எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். மகள் பிளேடால் நூலை வெட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"நீயும் சித்தியும் அப்படியே ஒண்ணு. சித்தியும் ஒவ்வொரு வாரமும் இதேதான் பண்றாங்க. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏற மாட்டேங்குது."

"நீயா சொல்லிக் குடுக்கிறே? அவங்க இல்லையா உனக்குச் சொல்லித் தர்றது?"

"சித்திக்கு என்ன தெரியும், பாவம். எனக்கு அப்பா சொல்லிக் குடுத்தார், நான் சித்திக்குச் சொல்லிக் குடுக்கிறேன். முள்ளை வைஸ்ல நேரா மாட்டறதுக்கே அவங்களுக்கு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும்."

தட்டு நிறைய, ஒன்றில்கூடக் காதடைக்காமல் கட்டி வைத்தவள்! நான் இன்றைக்குக் காலையில் கண்டுபிடித்த திருட்டுத்தனத்தை அவள் எத்தனை மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாளோ! இதிலும் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. கடைக்குக் கூட்டிப்போய் அந்தத் தட்டைக் காட்டினால் போதும், சித்தியின் குட்டு உடைந்துவிடும், ஞாயிறும் எனக்கே வந்துவிடும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். மகள் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, எனக்காக அந்தக் காதை ஊசியால் குத்தித் திறந்துகொண்டிருந்தாள். டீச்சர் முகம். ஒருத்தியின் குட்டை உடைத்தால் இந்த முகமும் சேர்ந்து உடையும். வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்கு ஒரு ஐடியா" என்றாள் திடீரென்று. "சித்தியை சனிக்கிழமை இங்க வரச் சொல்லட்டுமா? ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்துடறேன். எனக்கும் அலைச்சல் மிச்சம்."

என் வீட்டில், என் மேஜையில், என் சனிக்கிழமையில் அவள். அவள் சிரிப்பாள். அவள் காதை அடைப்பாள், நானும் அடைப்பேன். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்போம். மாட்டேன் என்றால் இவள் அங்கே போய்விடுவாள்.

"வரச் சொல்லு" என்றேன். "ஆனா அவங்க எதிர்ப் பக்கம் உட்காரட்டும். உன் பக்கத்துல நான்தான்."