இருபத்து மூன்றாவது நிமிடம்

"அம்மா, மணி அஞ்சு இருபத்தஞ்சு."

"தெரியுது. பேசாம உக்காரு."

"அஞ்சரைக்குள்ள பலகையில டிக் போடலன்னா சனிக்கிழமை முதல் பாதி எனக்கு பெஞ்சுதான்."

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தோம்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீ சொல்லி அவர் கேட்டுட்டாலும். போன மாசம் மேட்டிக்கு நிஜமாவே காய்ச்சல். அவளையே உக்கார வச்சாரு. நான் கோச் பொண்ணு வேற. எனக்கு ரெண்டு மடங்கு கறார்."

நான் காரின் முன் கண்ணாடி வழியாக மேலே பார்த்தேன். மேகம் கோதுமைக் கிடங்கின் கோபுரங்களைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது. மைதானத்தின் மேல் வெளிர்நீலம்.

"சரி, வெளுத்துடுச்சு. ஓடிப் போய் போட்டுட்டு ஓடி வந்துடு. அப்பா கண்ணுல மட்டும் பட்டுடாத."

"அம்மான்னா அம்மாதான்," என்றாள் அனிக்கா. பின் கதவு திறந்தது.

மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பேச்சு எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. கேட்டவர் வேறு யாரும் இல்லை.

எங்கள் கான்சாஸில் பந்து உதைக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்த விதி தெரியும். இடி கேட்டால் ஒரு நீண்ட ஹாரன். எல்லோரும் கார்களுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று உறுமினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மூன்று குட்டி ஹாரன் கேட்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. நானும் அனிக்காவும் அன்று அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் வந்து சேர்ந்தோம். மற்றப் பிள்ளைகள் முன்பே டிக் போட்டுவிட்டார்கள். வருகைப் பலகை மைதானத்தின் கம்பி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மின்னல் அந்த வேலியில் இறங்கியது. அவளுக்குப் பதினோரு வயது. பலகையில் அவள் பெயருக்கு நேரே டிக் விழுந்திருந்தது.

என் கணவர் லைல் அப்போது மைதானத்தின் மறுகோடியில், தன் டிரக்கில், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தார். தனக்குப் பயந்துதான் மகள் திருட்டுத்தனமாக இறங்கி ஓடினாள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். வருகை விதி அவர் எழுதியது. அடுத்த வாரமே அதைக் கிழித்துப் போட்டார். விசாரிக்க வந்தவர்கள் அவரைத்தான் துளைத்தார்கள். குழந்தை உங்கள் காரில் இருந்தாளா என்று மட்டும் என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். லைல் அதுகூடக் கேட்கவில்லை. எனக்கு வலிக்குமே என்றுதான். அந்த அன்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஒரே ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்து, அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் நடுங்கினேன்.

காரை நான் விற்கவில்லை. இடி ஓயக் காத்திருக்கும் நேரங்களில் மட்டும் அதில் ஒரு சத்தம் வரும். கதவு திறந்திருந்தால் அடிக்குமே, அந்த மெல்லிய மணி. டாஷ்போர்டில் பின் இடது கதவுக்கான சிவப்பு விளக்கு எரியும். கதவோ சாத்தித்தான் இருக்கும். இரண்டு தடவை மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

இன்று செவ்வாய்க்கிழமை. லைலின் டிரக் பழுதுக்குப் போயிருந்ததால் நான்தான் அவரைப் பயிற்சிக்கு அழைத்து வந்தேன். ஐந்து மணிக்கு முதல் இடி. நீண்ட ஹாரனை அழுத்திவிட்டு, கடைசிப் பிள்ளையும் காருக்குள் போனதைப் பார்த்த பிறகே என் பக்கத்தில் வந்து ஏறினார். இடி நேரத்தில் அவர் இந்தக் காரில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. ரஸ்டி, எங்கள் கோல்கீப்பரின் அப்பா.

"கோச், வெயிலே வந்துடுச்சு. இன்னும் எவ்வளவு நேரம்?"

"பதினாறு நிமிஷம்."

"என் கல்யாணத்துல கூட இவ்வளவு நேரம் காத்திருக்கலப்பா."

"அதான் அவசரப்பட்டு மாட்டிக்கிட்டியே," என்றார் லைல். ரஸ்டி சிரிக்கும்போதே தூரத்தில் உறுமியது. லைல் ஸ்டாப்வாட்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனார். கார்களுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒன்றாகச் சலித்துக்கொண்டது எங்களுக்குக் கேட்டது.

கண்ணாடியை ஏற்றிய பின் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"டெனீஸ், கால்பந்துச் சங்கத்துல வருகை விதியைத் திரும்பக் கொண்டு வராங்க. எல்லா டீமுக்கும்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? இந்த சனிக்கிழமையோட விலகிக்கறேன்னு எழுதிட்டேன். வருகைக்குப் பயந்து ஒரு பொண்ணு செத்துப்போனா. அந்த பயத்தை வச்சவன் நான்."

"லைல்."

"விடு. படிச்சுப் பாத்து எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லு."

காகிதத்தை வாங்கினேன். 'என் விதியால் என் மகள் இறந்தாள்' என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. வெளியே வேலியில் மழைத்துளிகள் வெயில் பட்டு மின்னின. ஸ்டாப்வாட்ச் அவர் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

மணி அடித்தது.

லைல் திரும்பிப் பார்த்தார். "பின் கதவு சரியா சாத்தல போல."

"சாத்தித்தான் இருக்கு."

கையை நீட்டிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மணி நிற்கவில்லை. சிவப்பு விளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"இது எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. இடிக்கும்போது மட்டும்."

அவர் நீட்டிய கையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். காலியான பின் இருக்கையையே பார்த்தார். அனிக்கா உட்காரும் பக்கம் அது. பிறகு, அவளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எனக்குப் பயந்துதான் இந்தக் கதவைத் திறந்திருக்கா. இப்பவும் என்னைப் பாத்துப் பயந்துதான் அடிக்குது."

"உன்னைப் பாத்து இல்ல."

"பின்ன யாரைப் பாத்து?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய காகிதத்தை நான்காக மடித்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. என் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

"லைல், என் மூஞ்சியைப் பாரு. இத்தனை வருஷமா நீ கேக்காததை இப்ப கேளு. அன்னைக்கு அவளைப் போன்னு சொன்னது யாருன்னு என்கிட்ட கேளு."