ஒன்பது நிமிடத் தோத்திரம்

ஓடெல் ட்ரிபிளின் பெயரில் வரப்போகும் முதல் இசைத்தட்டு அது. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு முன்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். 1958, மதியம் மூன்று மணி. ஐந்து பாட்டு முடிந்து, பாக்கி ஒன்று. ஓடெல் தன் பியானோவில் தானே கட்டிய மெட்டு. சிறுவயதில் அவன் வாசித்த ஃபிலடெல்ஃபியா சர்ச்சின் கைத்தட்டல் முழுக்க அதற்குள் இருந்தது.

மூன்று முறை பதிந்தார்கள். மூன்றும் சப்பென்று இருந்தன.

"இன்னும் ஒரே தடவை," என்றார் தயாரிப்பாளர் லாஸ்கர். "வரலைன்னா ஒரு சினிமாப் பாட்டை வாசிச்சுட்டுக் கிளம்புங்க."

ஓடெல் மறுபடி பியானோவில் கை வைத்தான். ட்ரம்பெட்காரன் கிளியோஃபஸ் சும்மா இருப்பானா? மதுக்கடைகளில் வாசிக்கும் ப்ளூஸ் இசையில் ஊறியவன்; சர்ச் மெட்டு என்றாலே அவனுக்குக் கிண்டல்.

"ஏன் பாஸ்டரே, உண்டியலை எப்ப நீட்டுவீங்க?"

"வாயை மூடிட்டு ஊதுடா."

"வாயை மூடிட்டு எப்படிடா ஊதறது?"

சிவப்பு விளக்கு எரிந்தது. நாலரை நிமிடத்தில் பாட்டு அழகாக முடிந்தது. கடைசி ஒலி அடங்கும்வரை மூச்சுகூட விடக்கூடாது. பதிவுக் கருவி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் லாஸ்கர் விரலை உயர்த்தியிருந்தார்.

அங்கேதான் ஓடெல் சொதப்பினான். அவன் சர்ச்சில் பாட்டு முடிந்தால் முடிந்ததாக அர்த்தமில்லை. ஜனங்களின் சந்தோஷம் அடங்காதவரை பியானோக்காரன் இரட்டை வேகத்தில் மறுபடி தொடங்கியாக வேண்டும். பழக்க தோஷம், கை தொடங்கிவிட்டது. ஐயோ என்று மனம் பதறியது; கை கேட்டால்தானே! டிரம்ஸ்காரன் ரூஃபஸ் சிரித்துக்கொண்டே அதே வேகத்தில் கூடவே அடித்தான். கிளியோஃபஸ் "ஆமென்!" என்று கத்திவிட்டு, தன் மதுக்கடை ப்ளூஸையெல்லாம் கொண்டுவந்து அதற்குள் கொட்டினான். அறையே துள்ளியது. ஓடெலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நிறுத்தியபோது ஒன்பது நிமிடம். லாஸ்கர் டையை அவிழ்த்தபடி வெளியே வந்தார். தாளம் தட்டித் தட்டி அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

"அட்டகாசம்ப்பா! ஆனா தட்டுல இவ்வளவு நீளத்துக்கு இடமில்லையே. இதைச் சேக்கணும்னா வேற ஒண்ணைத் தூக்கணும்."

"என்னோடதைத் தூக்குங்க சார்," என்றான் கிளியோஃபஸ்.

காலையில் பதிந்த ப்ளூஸ் அது. அவன் எழுதி முதன்முதலாகத் தட்டில் ஏறவிருந்த பாட்டு.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஓடெல்.

"நான் வாசிக்கறதை எங்கம்மா இதுவரைக்கும் கேட்டதில்லடா. ப்ளூஸ்னாலே பிசாசுப் பாட்டுன்னு காதைப் பொத்திக்குவாங்க." கிளியோஃபஸ் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இதைக் கேப்பாங்க."

ஓடெல் அவனை ட்ரம்பெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.