மேட்டு வழிக்கு ஒரு கிளட்ச்

இரண்டாவது கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் நிற்கவில்லை, அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தது. சக்கரம்தான் அசைய மாட்டேன் என்றது. சின்னவள் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தாள். சத்தம் கூடியது, கருகிய வாடை மூக்கில் ஏறியது, வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் டிரைவர் சீட்டைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள். அங்கே யாரும் இல்லை. அந்த சீட்டிலிருந்து இறங்கியவளே அவள்தான்.

ஊரில் அவர்களைப் பெரிய செடிக்காரம்மா, சின்ன செடிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். மேட்டின் உச்சியில் இருந்த நாற்றுப்பண்ணையை அக்காவும் தங்கையுமாக நடத்தி வந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வியாபாரம், பேரம், வண்டி ஓட்டுவது எல்லாம் பெரியவள். விதை போடுவது, தண்ணீர் காட்டுவது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவது சின்னவள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருவர் ரோஜாக் கன்று வாங்க வந்தார். மனைவியை இழந்தவர், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "இவர் வாங்கிட்டுப் போற செடிக்கு ஒரு காடே வேணும், எங்கதான் நடுறாரோ" என்று சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அப்போதே சின்னவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அறுபத்தோரு வயதில் பெரியவள் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, தொலைவில் இருந்த பெருநகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒன்பதாவது மாடியில் வீடு. ஒரு தொட்டிச் செடி வைக்கக்கூட இடமில்லாத பால்கனி. வாங்கிய ரோஜாவையெல்லாம் அத்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தானம் செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

போவதற்கு முன் பெரியவள் தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். வண்டிக்குப் புது கிளட்சும் போட்டுக் கொடுத்தாள். "இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றாள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

மெக்கானிக் மறுநாள் காலை வந்து வண்டியை இழுத்துப் போனார். நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு. துருப்பிடித்த போல்ட்டுகளோடு பேசுகிற வழக்கம் உண்டு. கியர்பாக்ஸை இறக்கும்போது, "வாடா ராசா, அடம்பிடிக்காத, உன்னால எனக்கு முதுகு போகுது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சின்னவள் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போய் இருக்கலாம்தான். ஆனால் இங்கே ஒரு குரலாவது கேட்டது.

மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார். ஓரமெல்லாம் தேய்ந்து, ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"செடிக்காரம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. பெடல் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டறீங்களா?"

"இல்லையே தம்பி. அக்கா அதுக்குத்தான் முதல்ல திட்டும். கியர் போட்டதும் காலைத் தள்ளி வச்சிடுவேன்."

"உங்க அக்கா ஓட்டினப்ப ஒரு பிளேட்டு எவ்வளவு வருஷம் உழைச்சுது! அதே ரோடு, அதே வண்டி. அப்ப ஓட்டற ஆள்தானே காரணம்?"

தனக்குத் திறமை போதாது என்பது அவளுக்குப் பழகிய எண்ணம்தான். சரி, அப்படித்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினாள்.

மெக்கானிக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே, "சரி விடுங்க. எந்த வழியா போவீங்க வருவீங்க? சும்மா சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். மெயின் ரோட்டிலிருந்து பண்ணைக்குப் போகும் மண்பாதை அடுத்தவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. ஆடுகள் தாண்டாமல் இருக்க மூன்று கேட். மூன்றும் மேட்டில்தான். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, இறங்கித் திறந்து, ஏறி, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி நிறுத்தி, இறங்கிச் சாத்தி, மறுபடி ஏறி எடுக்க வேண்டும்.

மெக்கானிக் கை துடைப்பதை நிறுத்திவிட்டார். "ஒவ்வொரு கேட்டுக்கும் ரெண்டு தடவை, மேட்டுல, லோடோட எடுக்கறீங்களா? தினமுமா?"

"சில நாள் ரெண்டு நடை போவேன்."

"அடப்பாவமே, அப்புறம் பிளேட்டு எப்படி நிக்கும்! உங்க அக்காவும் அதே கேட்டைத் தாண்டித்தானே போனாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படி..."

"அக்கா வண்டியை நிறுத்தவே நிறுத்தாது. மெதுவா ஊர்ந்துக்கிட்டே வரும். நான் குதிச்சு ஓடிப்போய்த் திறந்து வைப்பேன். வண்டி உள்ள போனதும் சாத்திட்டு ஓடிவந்து ஏறிக்குவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. மெக்கானிக் அந்த பிளேட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப உங்க மேல தப்பில்ல" என்று மட்டும் சொன்னார்.

பழைய வண்டி என்பதால் கம்பெனி அந்த மாடலுக்குச் சாமான் செய்வதை நிறுத்தியிருந்தது. மெக்கானிக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தார். கிடைத்தது மூன்று வகை. ஒன்று ஊர் பேர் தெரியாத மட்டமான செட். அதை அவரே ஒதுக்கிவிட்டார். "இதைப் போட்டா நீங்க என்னைத் திட்டுவீங்க, நான் என்னையே திட்டிக்குவேன்." இன்னொன்று, கம்பெனி அளவிலேயே வேறொருவர் செய்த லேசான செட். மூன்றாவது, லோடு இழுப்பவர்களுக்காகச் செய்த கனமான செட். "உங்களுக்கு இந்தக் கனமானதுதான் சரி. ட்ரெய்லரும் கட்டறீங்க, மேடும் ஏறறீங்க. நின்னு பேசும். ஒரே ஒரு விஷயம், பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

எவ்வளவு கெட்டி என்று பார்க்க, அதே கிளட்ச் போட்ட இன்னொருவருடைய வண்டியில் அவளை ஏறி உட்காரச் சொன்னார். அவள் இடது காலால் மிதித்தாள். பாதி வரைதான் போனது. இடுப்பை முன்னுக்குத் தள்ளி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மொத்த உடம்பாலும் மிதித்தாள். போனது. பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. தொடை வெடவெடவென்று நடுங்கியது. கீழே இறங்கியபோது கால் தன்னுடையது போலவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் போன் செய்தாள். சின்னவள் அனுப்பிய பிளேட்டின் போட்டோவைப் பார்த்திருக்கிறாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே, கரிக்கட்டை மாதிரி? படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"ஆமாக்கா."

"இந்தத் தடவை கனமானதையே போடச் சொல்லு. யோசிக்காத. ட்ரெய்லர் கட்டணும்ல? நான் வந்ததும் பெரிய கன்னுங்களை ஏத்திக்கிட்டு நாம பழையபடி சந்தைக்குப் போவோம்."

"எப்பக்கா வர்றே?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. "வரணும்டி. அத்தானுக்குக் கண் ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. அது முடியட்டும். அப்புறம் வெயில் இறங்கட்டும். வராம எங்க போயிடப் போறேன்?"

"சரிக்கா."

"ஆமா, எப்படி இவ்வளவு சீக்கிரம் போச்சு? மெக்கானிக் என்ன சொல்றாரு?"

சின்னவள் தரையில் கிடந்த பிளேட்டைப் பார்த்தாள். கேட் விஷயத்தைச் சொன்னால் அக்கா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். எதுவும் சொல்ல மாட்டாள். போனை வைத்துவிட்டு ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து அழுவாள்.

"நான்தான் சரியா ஓட்டலைன்னு சொல்றாருக்கா" என்றாள்.

ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

போனை வைத்த பிறகு சின்னவள் வெகுநேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். கனமான கிளட்ச் யாருக்காக என்று யோசித்தாள். ட்ரெய்லரைக் கடைசியாகக் கட்டியது அக்கா போவதற்கு முன்தான். பின்னால் ட்ரெய்லரோடு வண்டியை ரிவர்ஸ் எடுக்க அவளுக்கு வராது. பெரிய தொட்டியில் வளர்ந்த கன்றுகளைத் தனியாகத் தூக்கி ஏற்றவும் முடியாது. அவை பண்ணையின் பின்பக்கம் தொட்டியை உடைத்துக்கொண்டு வேர்விட்டு, அங்கேயே மரமாகிக்கொண்டிருந்தன. வருவாள், வருவாள் என்று வைத்திருந்த கன்றுகள்.

"தம்பி, லேசானதையே போட்டுடுங்க" என்றாள்.

"அக்கா கனமானதுன்னு சொன்னாங்களே?"

"மிதிக்கப்போறது என் காலு."

மெக்கானிக் சிரித்தார். "அது சரி. ஆனா இதுல ட்ரெய்லர் கட்டி அந்த மேடு ஏறக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"கட்டலை."

"அப்ப பின்னாடி இருக்கற கொக்கியைக் கழட்டிடவா? சும்மாதானே தொங்குது."

"அது இருக்கட்டும்" என்றாள் உடனே. அவர் தலையாட்டிவிட்டு வண்டிக்கடியில் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் குனிந்து, கீழே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னாள்: "கழட்டிடுங்க தம்பி. போறப்ப வர்றப்ப காலை இடிக்குது."

வேலை முடிய இரண்டு நாள் ஆனது. வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவரைக் காட்டினார். "இதை என்னைக்காவது தொட்டிருக்கீங்களா?"

"அக்கா தொடாதேன்னு சொல்லியிருக்கு."

"இனிமே தொடுங்க. மண்பாதைக்குள்ள நுழைஞ்சதும் நிறுத்தி இதைப் பின்னால இழுங்க. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், இஞ்சினுக்குப் பாரமே தெரியாது, கிளட்ச் தேயாது. ஃபர்ஸ்ட்ல போட்டுட்டுக் காலை எடுத்தா ஆக்ஸிலரேட்டர்கூட வேணாம், ஆள் இல்லாமலே நத்தை மாதிரி போகும். அதுக்காக இறங்கி வேடிக்கை பாக்காதீங்க! தார் ரோட்டுக்கு வந்தா மறக்காம முன்னால தள்ளிடணும்."

மண்பாதை தொடங்கும் இடத்தில் அவள் வண்டியை நிறுத்தி, சின்ன லிவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கடகடவென்று ஏதோ விழுந்து பொருந்தியது. முதல் கேட்டை வழக்கம்போல் இறங்கித் திறந்தாள். புது பெடல் காலுக்கடியில் வெண்ணெய் போல் இறங்கியது. காலை எடுத்ததும் வண்டி திமிறாமல், உறுமாமல், தன் போக்கில் மேட்டில் ஏறத் தொடங்கியது. ஒரு கிழவர் நடக்கிற வேகம்கூட இல்லை. இருபுறமும் சக்கரம் பதிந்து பதிந்து ஆழமான தடம். ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தாள். தடத்தை விட்டு அது விலகவில்லை.

அவள் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து தரையில் காலை வைத்தாள். இறங்கியே விட்டாள். திரும்பிப் போய் கேட்டைச் சாத்தி, கொண்டியை மாட்டிவிட்டு நாலெட்டில் வந்து வண்டியைப் பிடித்தாள். மெக்கானிக் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டன.

ஏறி உட்காரவில்லை. ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியோடு நடந்தாள். இரண்டாவது கேட் கண்ணுக்குத் தெரிந்ததும் வேகமாக முன்னே நடந்து போய், கொண்டியை எடுத்து, கேட்டை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்தது. அவளைத் தாண்டிப் போகும்போது, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், அவள் டிரைவர் சீட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

கேட்டைச் சாத்த ஒரு கணம் தாமதமாகிவிட்டது. ஓடித்தான் வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, மூன்றாவது கேட்டில் ஒழுங்காக நிறுத்தி, இறங்கித் திறந்து, ஏறி, இறங்கிச் சாத்திவிட்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் பெரியவள் கூப்பிட்டாள். "வண்டி வந்திடுச்சா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. லேசானதைத்தான் போட்டேன்."

"அப்ப ட்ரெய்லர்?"

"யாராவது கேட்டா கொடுத்திடலாம்னு இருக்கேன்."

"ம்" என்றாள் பெரியவள். திட்டுவாள் என்று காத்திருந்தாள் சின்னவள். திட்டவில்லை. "உனக்கு எது தோதோ அதைச் செய். நீதானே ஓட்டறே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு. அந்தச் சின்ன லிவர் இருக்குல்ல, நீ தொடாதேன்னு சொல்லுவியே..."

அந்தப் பக்கம் அத்தான் ஏதோ கேட்டார். பெரியவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொல்வது மங்கலாகக் கேட்டது. "இருடி, இவருக்குக் கண்ணுக்கு மருந்து விடணும். அப்புறம் சொல்லு, சரியா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டு நாள் சரியாகக் கவனிக்காததில் நாற்றுத் தட்டுகள் காய்ந்து கிடந்தன. குழாயைத் திறந்து, ஹோஸை இழுத்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து தண்ணீர் காட்ட ஆரம்பித்தாள். பின்பக்கம் போனதும் தொட்டியை உடைத்து நிற்கும் அந்தக் கன்றுகளின் அடியில் ஹோஸைப் போட்டுவிட்டு, மண் குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.