முப்பதடி ஆழத்தில் மரங்கள்

அச்சடித்துக் கொடுத்த நிலச்சரிவு வரைபடத்தின் பின்பக்கத்தில் அக்கா சட்டைக்கு அளவு வரைந்து, கத்தரியும் போட்டிருந்தாள். தங்கைக்கு வந்ததே கோபம்! நிலவியல் படித்துவிட்டு, இரண்டு வருஷம் மலையில் ஏறி இறங்கி அவள் தயாரித்த வரைபடம் அது. அதில் அக்கா குடியிருக்கும் தெரு அடர்சிவப்பு, அதாவது பேராபத்து.

"நல்ல தாள்டி, கசங்கவே மாட்டேங்குது," என்றாள் அக்கா, தையல் மெஷினை நிறுத்தாமல். "சிவப்புன்னா நான் என்ன பண்ணணும்? எங்க தெரு சமதரை. மலை எங்கேயோ இருக்கு."

அந்தச் சமதரைமேல்தான் தங்கைக்குச் சந்தேகம். அதை எப்படிப் புரியவைப்பது? புரியாவிட்டால் ஒரு பெருமழையில் அக்காவும் பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட ஹாலில் தெருக்காரர்களைக் கூட்டினாள். வரைபடத்தை விரிக்கவில்லை. தரையில் சாக்பீஸால் வீடுகளுக்குக் கட்டம் போட்டு, அவரவர் வீட்டில் நிற்கச் சொன்னாள். "கிணறு, கக்கூஸ் குழி தோண்டினப்ப உள்ளே என்ன வந்துச்சு?"

"இதைக் கேக்கத்தான் அத்தனை படிப்பா?" என்றாள் அக்கா. ஹாலே சிரித்தது.

பாதாளம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தெருக் கிணறுகளை வெட்டியவர் அவர். சதா மண்ணுக்குள் கிடப்பதால் வந்த பட்டப்பெயர். அக்காவின் கட்டத்துக்கு வந்து நின்றார். "இங்கே முப்பதடியில மரம். ஆள் தடிமன், படுத்துக் கிடந்துச்சு." அடுத்த கட்டத்துக்குப் போனார். "இங்கேயும்." அதற்கடுத்து, "இங்கே இருபத்தெட்டு. எல்லாத்துக்கும் அடி மலைப் பக்கம், நுனி இந்தப் பக்கம்."

தங்கைக்குச் சந்தேகம் இருந்ததுதான், ஆனால் ஒரு காடே காலுக்கடியில் படுத்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியில் அந்தப் பெரிய பள்ளம் தெரிந்தது. தினமும் எல்லோரும் பார்க்கிற பள்ளம்.

"அங்கிருந்து வந்ததுதான் நாம நிக்கிற தரை. பெருமழை பெஞ்சா மிச்சமும் வரும்," என்றாள் மெல்ல.

பாதி மலை இறங்கிவந்து, காட்டை அமுக்கிப் படுத்திருக்கிறது; அதன்மேல் இவர்கள் இத்தனை காலம் துணி காயப்போட்டிருக்கிறார்கள்! அம்மாடி, எவ்வளவு பெரியது!

அக்கா குனிந்து தரையையே பார்த்தாள். பிறகு கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி நீட்டினாள். "கலரை விடு. எவ்வளவு மழை பெஞ்சா நான் கிளம்பணும்? இதுல காட்டு."

இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. தங்கை எட்டு அங்குலத்தில் விரலை வைத்தாள். "நேரான டின்னை வெட்டவெளியில வை. ஒரே நாள்ல இவ்வளவு ரொம்பினா."

"இத்தனூண்டு தண்ணிக்கா அது இறங்கி வரும்?" அக்கா ஜன்னலைப் பார்த்தாள். நாடாவில் அந்த இடத்தில் குண்டூசியைக் குத்தினாள். "இதைத் தொட்டா பிள்ளைங்களோட உன் வீட்டு வாசல்ல நிப்பேன்."