சமரீன் கொடுத்த ரத்தம்

கையில் நீலக் கோப்போடு வந்த பெண்ணை நஜ்மா உள்ளே கூப்பிடவில்லை. பெயர் பாரதி, பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவள். உருவம் ஒன்றாய்ப் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு நோய் வந்த குடும்பங்களைத் தேடி வந்திருக்கிறாளாம். இருவரிடமும் கொஞ்சம் ரத்தம் வேண்டுமாம்.

"என் அட்ரஸ் யார் குடுத்தாங்க?"

"உங்கம்மா ஜுபைதாதாங்க."

"எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்று கதவைச் சாத்தினாள். பாரதி போன பிறகும் பக்கத்து வீட்டில் ஏதாவது விசாரிக்கிறாளா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றாள்.

நஜ்மாவுக்கு முப்பத்தோரு வயது. கணவன் முதசிருக்குப் பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். பாப்பாரப்பட்டியில் அம்மாவோடு இருக்கும் சமரீன் அவளைவிட ஏழு நிமிடம் மூத்தவள். சமரீனுக்குப் பத்தொன்பது வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அன்றிலிருந்து மாத்திரைதான். கணவனிடம் அக்காவுக்கு வலிப்பு என்றே நஜ்மா சொல்லியிருந்தாள்.

தன்னையும் அவள் நம்பியதில்லை. யாரோ கூப்பிட்டது போலிருந்தால், பக்கத்தில் இருப்பவர் திரும்புகிறாரா என்று பார்த்த பிறகே திரும்புவாள். கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தைப் பேச்சை ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா போன் செய்தாள். சமரீன் ரத்தம் கொடுத்துவிட்டாளாம்.

நஜ்மா அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். சீக்காளிப் பெண்ணை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று வழியெல்லாம் கொதித்தாள். போனதும் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மிரட்டுனாங்களா? உண்மையச் சொல்லு."

"இல்லடி. ஊசியில என்னமோ கலந்திருக்காங்கன்னு எனக்கும் தோணுச்சு. என் முன்னாடி கவரைப் பிரிங்கன்னேன். பிரிச்சாங்க. குடுத்தேன்." சமரீன் தங்கையை உற்றுப் பார்த்தாள். "சந்தேகப்படுறது என் வியாதி. உனக்கென்ன வந்துச்சு?"

நஜ்மா அக்காவின் கையை விட்டாள். அம்மாவின் போனை வாங்கி பாரதியை அழைத்தாள். அரைமணி நேரத்தில் அவள் வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மரபணு. அவளுக்கு வந்தது எனக்கு ஏன் வரல?"

"அதைத்தாங்க தேடுறோம். மரபணு ஒண்ணா இருந்தாலும், எது வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்னு அதுமேல சில அடையாளங்கள் ஒட்டியிருக்கும். நாளாக ஆக அது ஆளுக்கு ஆள் மாறும்."

"சின்னதுல இவளை மட்டும் ரெண்டு வருசம் ஏரியூர்ல மாமி வூட்ல விட்டிருந்தாங்க. அதனாலயா?"

சுவரோரம் நின்றிருந்த ஜுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படி ஒரு காரணத்தைக் காட்டிச் சொல்ல முடியாதுங்க. அந்த மாற்றம் நோய்க்கு முன்னாடி வந்ததா, நோயால வந்ததா, மாத்திரையால வந்ததான்னே இன்னும் தெளிவில்லை. அம்மா மேல பழி போடாதீங்க."

"எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கு?"

"மத்தவங்களைவிட வாய்ப்பு கூடுதலா இருக்கலாம். ஆனா பெரும்பாலும் வர்றதில்லை. உங்க ரத்தத்தை வெச்சும் அதைச் சொல்ல முடியாது. சொல்லிட்டேன்னா அது பொய்."

தெரியாது என்று மூன்று முறை சொன்ன பெண்ணை நஜ்மா கொஞ்சம் நம்பினாள். கையை நீட்டினாள். ஊசியைத் தன் கண்முன்னே பிரிக்கச் சொன்னாள். சமரீன் சிரித்தே விட்டாள்.

அன்று சாயங்காலம் முதசிர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கம்மா சொல்லிட்டாங்க. நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

நஜ்மாவுக்கு முதலில் அழுகை வந்தது. அதற்குள் வேறொன்று தோன்றியது.

"அப்ப இத்தனை வருசமும் என்னைக் கவனிச்சுட்டே இருந்தீங்களா?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"மொத வருசம் பார்த்தேன். தூக்கத்துல ஏதாவது பேசுறியான்னு. அப்புறம் மறந்துட்டேன்."

மொத வருசம் என்று அவன் ஒத்துக்கொண்டதை அவளால் நம்ப முடிந்தது. மறந்துவிட்டதாகச் சொன்னதைத்தான் நம்பலாமா என்று தெரியவில்லை.

"பிள்ளை பெத்துக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாள்.